ரோட்டில் தொங்கக் கூடாத இரண்டு வரிகள்

பொம்மனஹள்ளி
14 ஜூன் 2025, சனி

ஸ்னேஹாவுக்கு,

நீ சௌக்கியமாக இருப்பாய். நான் இல்லை. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் கோபம் இறங்கிவிடும். எனக்கு இப்போது கோபம் வேண்டும். அதனால்தான் மெயில்.

நேற்று சாயங்காலம் பொம்மசந்திரா ஃபேக்டரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், என் ரூம் வாசலில் ராஜலக்ஷ்மி அக்கா நிற்கிறார். ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தெருக்கோடி வீடு, கார்மென்ட்ஸில் டெய்லர். பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்த மகள் தீபிகா இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெங்குவில் போனாளே, அவள் அம்மா. உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. "எம் பொண்ணுக்கு எழுதுனத எவ்வளவுக்கு வித்தே?" என்று கேட்டார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் கையைப் பிடித்துத் தரதரவென்று சிக்னலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே 'சைட்' வெங்கிக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ், இரண்டு ஆள் உயரத்துக்கு. ஏரி நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்ற மகராசன். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். அவர் தாடைக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறது:

மறந்ததை எடுக்கத் திரும்பி வருவீர் தினமும்;
கதவைச் சாத்தாமல் நிற்கிறோம் இன்னமும்.
எதையாவது மறந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா
எங்கள் தலைவரே, அன்றைக்கும்?

சிரிப்பதா அழுவதா, நீயே சொல். வெங்கி எதை மறந்தார்? வட்டியில் ஒரு ரூபாயை மறந்திருப்பாரா அந்த ஆள்?

அது தீபிகா, ஸ்னேஹா. காலேஜுக்குக் கிளம்பித் தெருமுனை வரை போய்விட்டு, தண்ணீர் பாட்டிலை மறந்தேன், ஐடி கார்டை மறந்தேன் என்று தினமும் ஓடி வருவாள். அவள் திரும்பி வருவாள் என்று தெரிந்து அக்கா கதவைச் சாத்தவே மாட்டார். காரியத்துக்கு முந்தின நாள் நான் அவர் வீட்டில் போய் உட்கார்ந்தபோது அவர் சொன்னது இது. தெருவில் யாருக்கு அஞ்சலி வரி எழுதினாலும் நான் அப்படித்தானே செய்வேன்? போனவர் யாரைத் திட்டுவார், எதை ஆசையாகச் சாப்பிடுவார் என்று வீட்டாரிடம் கேட்காமல் ஒரு வரிகூட எழுதியதில்லை. கூலி ஒரு டீ.

நாலு வரி எழுதிப் படித்துக்காட்டினேன். அக்கா கேட்டுவிட்டு, முதல் இரண்டு வரி மட்டும் ஃப்ளெக்ஸில் போட்டால் போதும் என்றார். "கடைசி ரெண்டும் வேணாம் இளா. அது நான் அவகிட்ட கேக்கற கேள்வி. ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் எதுக்குப் படிக்கணும்?" என்றார். அந்த இரண்டு வரியைத்தான் நேற்று ஆட்டோக்காரர்கள் சிக்னலில் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஃப்ளெக்ஸ் கடை ஓஸ்வால்ட் அண்ணனிடம் ஓடினேன். "எனக்கென்னம்மா தெரியும், வெங்கியோட ஆளுங்க போன்லயே ரெடியா கொண்டாந்தாங்க. 'வரிமாலை'ன்னு ஒரு ஆப்பாம். படத்தைக் கொடுத்தா கவிதையும் அதுவே போட்டுடுதாம்" என்றார்.

வரிமாலை உங்கள் கம்பெனியுடையதுதானே? பொங்கலுக்கு வந்தபோது உன் போனில் எனக்குக் காட்டினாயே. அது எப்படி அந்த வரிகளை எடுத்தது என்று கண்டுபிடித்துச் சொல். தெருவில் எல்லாரிடமும் அக்கா சொல்லிவிட்டார். இன்று காலை பால் பூத்தில் நான் போய் நின்றதும் பேச்சு நின்றுவிட்டது. செத்த பிள்ளையை விற்றவள் என்று பெயர் எடுத்துக்கொண்டு நான் இந்தத் தெருவில் எப்படிக் குடியிருப்பது?

கோபத்தோடு,
இளவேனில்


பெல்லந்தூர்
16 ஜூன் 2025

அன்பு இளா,

மெயிலைப் பார்த்துப் பதறிப்போய்விட்டேன். ராஜலக்ஷ்மி அக்கா அப்படிக் கேட்டபோது உனக்கு எப்படி இருந்திருக்கும்! கொஞ்சம் பொறுமையாகக் கேளடி.

வரிமாலை எதையும் காப்பியடிக்காது. ஆயிரக்கணக்கில் கவிதைகளைப் படித்து, எழுதக் கற்றுக்கொள்கிறது. நீயும் நானும் கிருஷ்ணகிரி காலேஜ் லைப்ரரியில் அடுக்கு அடுக்காகப் படித்துத்தானே எழுதக் கற்றுக்கொண்டோம்? அதே மாதிரி. எப்போதாவது ஒன்றிரண்டு அப்படியே வெளியே வந்துவிடும், அது ஒரு கோளாறு. நான் இன்றைக்கே ரிப்போர்ட் போட்டுவிட்டேன், பார்ப்பார்கள்.

எங்கிருந்து எடுத்தது என்றால், ஊரெல்லாம் இருக்கும் ஃப்ளெக்ஸ்களைப் படம் பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். ரோட்டில் தொங்குவது எல்லாருக்கும் பொதுதானே? யாரும் பூட்டை உடைத்து எடுக்கவில்லை. இன்னொன்று சொன்னால் திட்டாதே. அவ்வளவு வரிகளில் உன்னுடையது நிற்கிறது என்றால் அது உனக்குப் பெருமைதான்.

நீ இந்தப் பக்கம் வந்து எவ்வளவு நாளாகிறது! பக்கத்தில் இருக்கிறோம் என்றுதான் பேர். அம்மா ஊரிலிருந்து மாம்பழம் கொடுத்தனுப்பியிருக்கிறாள், உன் பங்கு என் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கிறது, அப்படியேதான் இருக்கிறார். உன்னைக் கேட்டார்.

உன்
ஸ்னே


பொம்மனஹள்ளி
17 ஜூன் 2025

ஸ்னேஹா,

மாம்பழத்தை நீயே சாப்பிடு. அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்.

பொதுவா? எங்கள் தெரு வழியாகச் சாவு ஊர்வலம் போகிறது. போகிறவர் வருகிறவர் யாரும் நின்று கும்பிடலாம், வேண்டாமென்று சொல்ல ஆளில்லை. அதற்காகப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேறு வீட்டில் கிடத்துவீர்களா? அதைத்தான் செய்திருக்கிறீர்கள். செய்துவிட்டு எனக்குப் பெருமை என்கிறாய். உனக்கு வாய் கூசவில்லையா?

லைப்ரரியில் படித்தோம், சரி. படித்ததை எடுத்துக்கொண்டுபோய் நீயோ நானோ ஊரார் வீட்டுச் சாவுக்கு ஒட்டினோமா?

சரி, உன் வழிக்கே வருகிறேன். ரோட்டில் இருப்பதெல்லாம் உங்களுடையது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கடைசி இரண்டு வரி எந்த ரோட்டில் தொங்கியது? தீபிகாவின் ஃப்ளெக்ஸில் அது இல்லை. ஓஸ்வால்ட் அண்ணனுக்கு நான் அதைக் கொடுக்கவே இல்லை. ஃபேஸ்புக்கில் போடவில்லை. அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதனால்தான் அவர் நேராக என் வாசலுக்கு வந்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பேன்.

இன்னும் ஒருத்திக்கும் தெரியும். எதை எழுதினாலும் முதலில் உனக்குத்தானே அனுப்புவேன்? எழுதின கையோடு, நாலு வரியையும், வாட்ஸப்பில். வேறு யாராவது இருக்க மாட்டார்களா என்று இந்த மூன்று நாளாகத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். வெங்கியைச் சந்தேகப்பட்டேன், ஓஸ்வால்ட் அண்ணனைச் சந்தேகப்பட்டேன், பாவம், என் போனை ரிப்பேர் செய்த பையனைக்கூடச் சந்தேகப்பட்டேன். உன்னைத் தவிர எல்லாரையும்.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். யார் கொடுத்தது?

இளவேனில்


பெல்லந்தூர்
21 ஜூன் 2025

இளா,

நான்தான்.

நாலு நாளாக எழுதி எழுதி அழித்தேன். நீ நேராகச் சொல்லச் சொன்னாய், சொல்லிவிட்டேன்.

போன வருஷம் அஞ்சலிக் கவிதைகளுக்கு நல்ல மாதிரிகள் வேண்டும் என்றார்கள். எங்களிடம் இருந்ததெல்லாம் 'மண்ணை விட்டு மறைந்தாலும் மனதை விட்டு மறையவில்லை' ரகம்தான். இயந்திரம் அதையே திருப்பித் திருப்பிக் கொட்டியது. என் மேனேஜர் நிருபமா, "தமிழில் இவ்வளவுதானா, இதற்கு மேல் எழுத ஆளே இல்லையா?" என்று மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீ இத்தனை வருஷமாக அனுப்பியதையெல்லாம் தொகுத்து ஒரே ஃபைலாகக் கொடுத்துவிட்டேன். பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன். அது போதும் என்று அப்போது நிஜமாகவே நினைத்தேன். நிருபமா படித்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு முறை படித்தாள். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாமென்பாய் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். அந்த வரி மட்டும் முழுக்க உன்னுடையதா? கதவைச் சாத்தாமல் வைத்திருந்தது ராஜலக்ஷ்மி அக்கா. அதை அவரிடமிருந்து நீ எடுத்தாய். 'கூடாதா' என்று கேள்வியாக முடி, அப்போதுதான் நெஞ்சில் இறங்கும் என்று திருத்தியது நான். அப்படியென்றால் அது யாருடையது?

இனி என்ன செய்யலாம் என்று கேட்டேன். படித்ததை இயந்திரத்திடமிருந்து திரும்ப எடுக்க முடியாதாம். அந்த வார்த்தைகள் மறுபடி வெளியே வராமல் தடுக்கலாம், தடுத்துவிட்டார்கள். பங்களித்தவர்கள் பட்டியலில் உன் பெயரைச் சேர்க்கவும் நான் கேட்டுப் பார்க்கிறேன்.

நம் இருவருக்கும் இடையில் இது வரக் கூடாது, இளா. ஒரே ரூமில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாம்.

ஸ்னேஹா


பொம்மனஹள்ளி
22 ஜூன் 2025

ஸ்னேஹா,

சாம்பாரில் உப்பு குறைவு என்று சொன்னவளுக்குப் பாத்திரத்தையே தூக்கிக்கொண்டு போகும் பாத்தியதை உண்டா? திருத்தினாய். நல்ல திருத்தம். அன்றைக்கே உன்னிடம் சொன்னேன், இன்றும் மறுக்கவில்லை. அதற்காக?

பெயரை எடுத்துவிட்டாயாம். எந்தப் பெயரை? தீபிகா என்ற பெயர் அந்த நாலு வரியில் முதலிலிருந்தே இல்லையே! மறந்துவிட்டு ஓடி வருகிறாளே, அதுதான் அவள். அதை அப்படியே விட்டுவிட்டு மேலே இருந்த தலைப்பைக் கிழித்துப் போட்டாய். படித்தவள் நீ, உனக்கு இது தெரியாதா?

நானும் அக்காவிடமிருந்து எடுத்தேன் என்கிறாய். ஆமாம், எடுத்தேன். அவர் வீட்டில், அவர் எதிரில் உட்கார்ந்து, கேட்டு எடுத்தேன். எழுதியதை அவரிடமே படித்துக்காட்டினேன். இரண்டு வரி வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஓர் இடம் இருந்தது. உன் ஃபைலில் அந்த இடம் எங்கே இருந்தது? கேட்டால் வேண்டாமென்பேன் என்று தெரிந்து கேட்காமல் விட்டேன் என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாயே. திருடனுக்கும் அதேதான் தெரியும், அதனால்தான் அவனும் கேட்பதில்லை.

திரும்ப எடுக்க முடியாதாம்! திரும்பக் கொடுக்க முடியாத இடத்தில் கொண்டுபோய்ப் போடுவதற்கு முன்னால் அல்லவா யோசிக்க வேண்டும்? நீ கொடுத்தது அந்த நாலு வரி மட்டும் இல்லை. லாரியில் அடிபட்ட வாட்ச்மேன், பிரசவத்தில் போன ஆஞ்சலா, தூக்கு மாட்டிக்கொண்ட அந்த பேக்கிங் செக்ஷன் பையன், எல்லாரும் அந்த ஃபைலில் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டார் யார் யார் எந்த சிக்னலில் நின்று எதைப் படிக்கப் போகிறார்களோ. நிருபமா முன்னால் உன் மானம் போகாமல் இருக்க இத்தனை பேரை எடுத்துக் கொடுத்திருக்கிறாய்.

உங்கள் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துத் தொலைத்துவிடாதே. சேர்த்தால் அக்கா சொன்னது உண்மையாகிவிடும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வருகிற ஞாயிறு, 29ஆம் தேதி, நீ இங்கே வர வேண்டும். நானும் கூட வருகிறேன். ராஜலக்ஷ்மி அக்காவின் வீட்டில் உட்கார்ந்து, "இளா விற்கவில்லை, நான் கேட்காமல் கொடுத்தேன்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். மன்னிப்பு கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். நான் தனியாகப் போய்ச் சொன்னால், மாட்டிக்கொண்டதும் இன்னொருத்தி தலையில் கட்டுகிறாள் என்றுதான் நினைப்பார். நீ வந்து சொல். அவ்வளவுதான்.

வந்தால், ஒரே தட்டில் சாப்பிட்ட கதையை அப்புறம் பேசலாம்.

இளவேனில்


பெல்லந்தூர்
26 ஜூன் 2025

இளா,

ஞாயிறு வர முடியாது.

வர இஷ்டமில்லாமல் இல்லை. கிளம்பத்தான் இருந்தேன். ஆபீஸில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தது தப்பாகிவிட்டது. லீகலில் கூப்பிட்டு, யாரையும் நேரில் பார்க்கவோ எதையும் ஒப்புக்கொள்ளவோ கூடாது என்றார்கள். நான் சொல்வது கம்பெனி சொல்வதாகிவிடுமாம். மீறினால் வேலை இல்லை. அப்பா இருக்கிற நிலையில் இந்த வேலையையும் இன்ஷூரன்ஸையும் விட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். உனக்குத் தெரியாதது இல்லை.

இனி இந்த மெயிலுக்கு எழுதாதே. 21ஆம் தேதி நான் எழுதியதை மட்டும் அழித்துவிடு, ப்ளீஸ்.

கொஞ்ச நாள் போகட்டும். எல்லாம் ஆறின பிறகு நானே வருகிறேன்.

ஸ்னேஹா


பொம்மனஹள்ளி
7 ஜூலை 2025

ஸ்னேஹா,

மெயிலுக்கு எழுதாதே என்றாய், அதனால் தபாலில் அனுப்புகிறேன். அப்பாவின் உடம்பு எனக்கும் கவலைதான். அதை எடுத்து என் வாயை அடைத்தாயே, அது மட்டும் எனக்கு ஆறவில்லை.

29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போனேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு, உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டையோ தைத்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன்.

உன் மெயில் என் போனில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் என் பெயர் சுத்தமாகியிருக்கும். நீட்டவில்லை. உன்மேல் இரக்கப்பட்டு என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னைக் காட்டினால் அக்கா உன்னைத் திட்டுவார், நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன், அதோடு அது முடிந்துவிடும். அப்படி முடிவதில் எனக்கு இஷ்டமில்லை. "நான் விக்கலக்கா. ஒரு ஃப்ரெண்டுக்கு அனுப்புனேன். அவ அவங்க கம்பெனிக்குக் கொடுத்துட்டா" என்று மட்டும் சொன்னேன்.

மெஷின் நின்றது. "எதுக்கு அனுப்புனே?" என்றார்.

"நல்லா இருக்கான்னு கேக்க."

"நல்லா இருக்கான்னு எங்கிட்ட கேட்டியே. பத்தலியா?"

நீயாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய்.

ஒன்று சொல்ல மறந்தேனே. போவதற்கு முன்னால் ஓஸ்வால்ட் அண்ணனின் போனில் உங்கள் வரிமாலையைத் திறந்து பார்த்தேன். மகள் இறந்துவிட்டாள், வயது பதினேழு என்று போட்டேன். அந்த வார்த்தைகளை நிஜமாகவே தடுத்துவிட்டீர்கள். வரவில்லை. தாழ் போடாத வீடு, திரும்பி ஓடி வரும் கால் சத்தம் என்று வேறு வார்த்தையில் அதேதான் வந்தது. கீழே 'பகிர்' என்று ஒரு பச்சைப் பொத்தான். அக்காவிடம் அதையும் சொன்னேன். மறைக்கக் கூடாது என்று தோன்றியது. "அப்ப அது போனது போனதுதானா?" என்றார். ஆமாம் என்றேன்.

நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "எம் பொண்ணுக்கு வேற சொல்லு" என்றார். எழுது என்று சொல்லவில்லை. நான் பையிலிருந்து பேனாவை எடுத்ததும், "சும்மா வாயால சொல்லு. பேப்பர் வேணாம், போனை அந்தாண்ட வை" என்றார். போனைக் கொண்டுபோய்ச் சமையல்கட்டில் வைத்துவிட்டு வந்தேன். தீபிகாவைப் பற்றி முன்பு சொல்லாத ஒன்றைச் சொன்னார். அது என்ன என்று உனக்குச் சொல்ல மாட்டேன். நாலு வரி சொன்னேன். ஒரு வார்த்தை சரியில்லை என்று அவரே மாற்றினார். மனப்பாடம் ஆகும்வரை திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தானே ஒருமுறை தப்பில்லாமல் சொன்னார்.

"எனக்கு வந்துடுச்சு. இப்ப நீ மறந்துடு" என்றார்.

தலையாட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வந்தேன். வாசல் தாண்டியதும், அதை உனக்கு அனுப்பக் கை தானாகப் போனில் உன் பெயரைத் தேடியது. இத்தனைக்கும் பிறகும்! எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. உன் நம்பரை அங்கேயே நின்று அழித்துவிட்டேன். உன் 21ஆம் தேதி மெயிலை அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன். ஆஞ்சலா வீட்டாரோ மற்றவர்களோ ஒரு நாள் என் வாசலுக்கு வந்து நின்றால், அவர்களுக்குக் காட்டுவேன்.

நீ வருகிறேன் என்றாய். வராதே. ஆறினாலும் வராதே.

எழுதுகிறவளுக்கு மறப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இதுவரை தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் உதடு தானாக முணுமுணுக்கிறது. உடனே ஃபேக்டரி பேட்ச் நம்பர்களைச் சொல்லிப் பார்க்கிறேன், பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் என்ன குழம்பு என்று கேட்கிறேன். நேற்று இரண்டாவது வரி போய்விட்டது. எவ்வளவு நினைத்தும் வரவில்லை.

நல்ல வரி அது, ஸ்னேஹா.

இளவேனில்